கண்ணாயி ஊட்டில் இலை எடுத்தவர்

ஆடி பதினெட்டுக்குக் கொல்லிமலை ஏறிவரும் கீழ்நாட்டுக்காரர்களிடம் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேச்சுக் கொடுக்கலாம். எங்கே சாப்பிட்டீர்கள் என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் முகம் ஒரு மாதிரி போய்விடும். இரண்டாம் மகாயுத்தம் தொடங்க இன்னும் இரண்டு மூன்று ஆடிகள் இருந்த அந்தக் காலத்தில், மலைக்கு வருவதுதான் அவர்களுக்கு வருஷத்தில் கிடைக்கிற ஒரே உல்லாசம். அருவியில் குளிக்கலாம், கோயிலைப் பார்க்கலாம், ஆற்று மணலில் காலை நீட்டிக் கிடக்கலாம். ஆனால் மலைத் தண்ணீர் ஒரு வாய் உள்ளே போனால் காய்ச்சல் வந்து கட்டிலோடு கிடத்திவிடும் என்பது அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். ஆகவே அதே தண்ணீரில் அரை நாள் முங்கிக் குளித்து, மூக்கிலும் வாயிலுமாக ஒரு குடம் விழுங்கிவிட்டு, கரையேறியதும் கீழேயிருந்து சுமந்துவந்த கூஜாவைத் திறந்து மிக ஜாக்கிரதையாக இரண்டு மடக்குக் குடிப்பார்கள்.

இந்தக் காட்சியை வருஷா வருஷம் தன் வாசலில் நின்றபடி பார்த்துவந்தவள் கண்ணாயி. எடப்புளி நாட்டில் பிறந்து, பெரக்கரை நாட்டு ராசப்பனுக்கு வாழ்க்கைப்பட்டவள். மலையில் நாலைந்து ஊர் சேர்ந்தால் ஒரு நாடு. பாதை ஆற்றைக் கடக்கிற இடத்தில், மணல் திட்டுக்கு மேலே, பலாமரத்தடியில் அவர்கள் வீடு. பிள்ளை குட்டி இல்லை. இரண்டு பேருக்குச் சமைக்கிற வீட்டில் நாலு பேருக்குச் சாமை குத்துவாள். ராசப்பன் ஆரம்பத்தில் ஏன் என்று கேட்டுப் பார்த்தான். "ஆராச்சும் வருவாங்க" என்றாள். யாராவது வரத்தான் செய்தார்கள். மாடு தேடிப் போகிறவன், பெண் பார்க்கப் போகிறவன், பெண் பார்த்துவிட்டு வேண்டாம் என்று திரும்புகிறவன், எல்லாரும் கண்ணாயி வீட்டில் கை நனைத்துவிட்டுத்தான் ஆறு தாண்டினார்கள். நாட்டுத் திருவிழாவில் ஊர்ப் பொங்கல் பானையை அடுப்பிலிருந்து இறக்குவதும் அவள்தான். அவள் கை பட்டால் அளவு குறையாது என்று ஒரு நம்பிக்கை. பானையே பெரிசு என்பதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அவளுக்கு இருந்த ஒரே குறை இந்த ஆடிக் கூட்டம்தான். அத்தனை பேர், அத்தனை பசி, வாசலைத் தாண்டிப் போகிறது. ஒருத்தரும் உள்ளே வருவதில்லை.

"கட்டுச்சோத்துல பூரான் உளுந்தாலும் அதைத்தான் திம்பாங்களே ஒழிய நம்ம சோத்தைத் தொடமாட்டாங்க" என்பான் ராசப்பன். "நீ ஏன் மூச்சைப் புடிச்சுக்கிட்டு நிக்கற?"

காரணம் காய்ச்சல் மட்டும் அல்ல. அதைக் கொஞ்சம் விவரமாகச் சொன்னால்தான் பின்னால் நடந்தது புரியும்.

கீழ்நாட்டுச் சட்டப்படி, ஒருவர் வீட்டில் விருந்தாக உட்கார்ந்துவிட்டால் அவரைச் சமமாக ஒப்புக்கொண்டதாக அர்த்தம். மலைக்காரர்களை அப்படி ஒப்புக்கொள்ளக் குடியானவர்கள் தயாராக இல்லை. ஆனால் காசு கொடுத்துவிட்டால் கவலை இல்லை. சோறு விற்கிற கிளப்புக் கடையில் உள்ளே யார் அடுப்பு ஊதுகிறார் என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. மலைக்காரர்களின் எண்ணமோ வேறு. தங்கள் பாட்டன்மார் காஞ்சிபுரத்திலிருந்து மலை ஏறி வந்தவர்கள், கீழே கிடப்பவர்கள் ஏறத் திராணி இல்லாமல் தங்கிவிட்ட மிச்சம் என்பது அவர்கள் துணிபு. அவர்கள் சட்டப்படி வந்தவன் எவனாக இருந்தாலும் சோறு போடலாம், விற்கத்தான் கூடாது. மிளகு விற்கலாம், தேன் விற்கலாம், பலாப்பழம் விற்கலாம். அடுப்பேறியது எதற்கும் விலை கிடையாது. சுட்ட கிழங்கு எதில் சேர்த்தி என்று கண்ணாயி ஒரு தடவை நாட்டுப் பெரியவர் காளியண்ணனிடமே போய்க் கேட்டாள். அவர் ஒரு பகல் முழுக்க யோசித்து, தோலோடு இருந்தால் சரக்கு, தோலை உரித்துவிட்டால் சோறு என்று தீர்ப்புச் சொன்னார்.

ஆக, காசு கொடுத்தால்தான் சாப்பிடுவேன் என்கிறவர்கள் ஒரு பக்கம். காசு கொடுத்தால் போடமாட்டேன் என்கிறவர்கள் ஒரு பக்கம். நடுவில் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

சோற்றை விற்றவர்களுக்குத் தண்டனை பெரிசாக ஒன்றும் இல்லை. அடி உதை கிடையாது. அவர்கள் வீட்டில் இனி யாரும் கை நனைக்கக் கூடாது, அவ்வளவுதான். வேறு யாருக்காவது என்றால் செலவு மிச்சம் என்று இருந்துவிடலாம்.

அந்த வருஷம் ஆடிப் பெருக்குக்கு முந்திய நாள் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. அதில் வெங்கிடுசாமியும் அவர் சம்சாரம் பொன்னாத்தாளும் இருந்தார்கள். வெங்கிடுசாமிக்குக் கிணற்றுப் பாசனத்தில் நல்ல நிலம். சம்சாரத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால், ஊரிலேயே சமுத்திரம் பார்த்த ஒரே ஆள். ஆடி அமாவாசைக்கு வேதாரண்யம் போய்க் கடலில் முழுகி வந்தவர் என்பதால், தண்ணீர், மணல், பிரயாணம் ஆகிய மூன்று விஷயங்களிலும் அவர் சொன்னதுதான் முடிவு. மற்றவர்கள் எல்லாம் ஆற்றைத் தாண்டி மேலே நடந்துவிட, அவர் மட்டும் பொன்னாத்தாளை நிறுத்திவைத்துக்கொண்டு மணல் திட்டில் துண்டை விரித்துப் படுத்தார்.

"இதெல்லாம் ஒரு தண்ணியா? சமுத்திரத்துல அலை வந்தா ஆளையே பொரட்டிப் போடும்" என்றார் கண்ணை மூடிக்கொண்டு.

"இதுவும் பொரட்டும். எந்திரிங்க. மேக்க இருட்டிக்கிட்டு வருது" என்றாள் பொன்னாத்தாள்.

"மேக்க இருட்டினா நமக்கு என்ன? நாம இருக்கறது கெழக்க."

ஆறு எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை அவர் விசாரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மேலே பெய்த மழை செந்தண்ணீராக இறங்கி வந்தது. பொன்னாத்தாள் கத்திய கத்தலில் அவர் எழுந்து ஓடிக் கரையேறினார். புளிச்சோறும் தயிர்ச்சோறும் இருந்த பித்தளைத் தூக்கு ஒரு தடவை சுற்றியது, பிறகு நிதானமாகக் கிழக்கே புறப்பட்டுப் போனது. ஆடிப் பெருக்குக்கு ஆற்றுக்கு ஒரு பிடி சித்திரான்னம் விடுவதுதான் வழக்கம். ஆறு மொத்தமாக எடுத்துக்கொண்டது. மிஞ்சியது, மிளகுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று கொண்டுவந்த உப்பு மூட்டை ஒன்றுதான். அதைப் பொன்னாத்தாள் முன்யோசனையாக மேட்டில் வைத்திருந்தாள்.

தாண்டவும் முடியாது, திரும்பி இறங்கவும் நேரமில்லை. மழை கண்ணாயி வீட்டுக் கூரையைத் தவிர வேறு வழி விடவில்லை. இருவரும் தாழ்வாரத்தில் ஒண்டினார்கள். ராசப்பன் ஓரமாக உட்கார்ந்து மூங்கில் சீவிக்கொண்டிருந்தான். கண்ணாயி உள்ளேயிருந்து வந்தாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை மறைக்க அவளுக்குத் தெரியவில்லை.

"வாங்க சாமி. சாப்பிட்டாச்சுங்களா?"

"பசி இல்லம்மா" என்றார் வெங்கிடுசாமி. அவர் வயிறு உடனே மறுத்துப் பேசியது. எல்லாரும் கேட்காத மாதிரி இருந்தார்கள்.

"சாமைச் சோறுங்க. மொச்சைக் கொளம்பு, மொளகு ரசம். காய்ச்சல் கீய்ச்சலுக்கு ரசம் நல்லதுங்க."

வெங்கிடுசாமி மடியைத் தடவினார். "சரிம்மா. ரெண்டு பேருக்கு என்ன ஆகுமோ சொல்லு, குடுத்தர்றேன்."

கண்ணாயியின் முகம் சட்டென்று சுருங்கியது. "சோறு விக்கறவங்க இல்லீங்க நாங்க."

"நான் தப்பாச் சொல்லலையே. சும்மா சாப்பிடறது எங்க வழக்கத்துல இல்லை."

"எங்க வழக்கத்துல சும்மாதாங்க போடறது."

"அதெப்படி முடியும்?"

"அது முடியாட்டி எதுவுமே முடியாதுங்க."

ராசப்பன் மூங்கிலிலிருந்து தலை தூக்காமல், "ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருங்க. ஆத்துல தண்ணி வடிஞ்சதும் சொல்றேன்" என்றான்.

பொன்னாத்தாள் சேலையைப் பிழிந்து உதறிக்கொண்டு நேரே உள்ளே போய், அடுப்புக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "எனக்குப் போடும்மா. அவரு சட்டம் பேசி முடிச்சிட்டு வரட்டும்" என்றாள்.

சட்டம் நெடுநேரம் தாங்கவில்லை. மொச்சைக் குழம்பின் வாசனை தாழ்வாரத்துக்கு வந்ததும் வெங்கிடுசாமியும் உள்ளே வந்து, யாரும் பார்க்கவில்லையே என்று வெளியே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, வாழையிலைக்கு முன்னால் உட்கார்ந்தார். மூன்றாம் முறை சோறு வாங்கிக்கொண்ட பிறகுதான் அவருக்கு மறுபடியும் சமுத்திரம் ஞாபகம் வந்தது.

"அங்க எல்லாம் பெரிசுங்க. தண்ணி, வானம், மணலு, எல்லாம். உன் அடுப்புல இருக்கற உப்புகூட அங்கிருந்து வர்றதுதான்."

கண்ணாயி கையில் அகப்பையோடு கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு சந்தேகம். "அத்தனை சனம் வந்து குளிச்சிட்டு எங்கீங்க சாப்பிடுவாங்க?"

இந்தக் கேள்வியை ஊரில் இதுவரை யாரும் கேட்டதில்லை. வெங்கிடுசாமி சோற்றைப் பிசைந்தார். "சத்திரம் ஒண்ணு இருந்துது. அங்க எங்க ஆளுங்களுக்குப் பந்தி முடிஞ்சிருச்சுன்னாங்க. கரையோரமா ஓலை போட்டு ஒருத்தன் கிளப்பு வெச்சிருந்தான். சாப்பிட்டோம்."

"சாப்பிட்டாரு" என்றாள் பொன்னாத்தாள். "ஒரு வாய் சோறு, ஒரு வாய் மணலு. காத்துல வந்து உளுந்துக்கிட்டே இருக்குது. கேட்டா, கடற்கரைன்னா மணல் இருக்காதாங்கறான். மூணு நாளும் இவரு பல்லுல நறநறன்னு சத்தம். என்னமோ மாடு அசை போடற மாதிரி."

"மூடி வெக்கமாட்டானுங்களா?"

"காசு வாங்கினவன் எதுக்கு மூடி வெப்பான்?" என்று பொன்னாத்தாள் சொல்லிவிட்டு, கணவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் ரசத்தை உறிஞ்சுவதில் கவனமாக இருந்தார்.

சாப்பாடு முடிந்தது. இங்கேதான் வெங்கிடுசாமிக்குச் சங்கடம் வந்தது. இலையை அப்படியே விட்டு எழுந்தால் கண்ணாயி வந்து எடுப்பாள். வீட்டுக்காரி இலை எடுத்தால் அவர் விருந்தாளி என்று ஆகிவிடும். எடுக்க விடாமல் தடுத்து, இலையைக் கிடந்தபடி விட்டுப் போனால், கடையில் சாப்பிட்டவன் மாதிரி நடந்துகொண்டதாக அவள் மனசு முறியும். அந்த ரசத்துக்குப் பிறகு அவளை நோகடிக்க அவருக்கு மனம் வரவில்லை. விருந்தாளியாக ஆகவும் தைரியம் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் என்ன உண்டோ அதைச் செய்தார். இலையை மடித்துத் தானே கையில் எடுத்துக்கொண்டு மழையில் போய் மாட்டுக்குப் போட்டுவிட்டு வந்தார்.

பொன்னாத்தாள் வாயைப் பிளந்தாள். கல்யாணம் ஆன நாளாக அவர் ஒரு தம்ளரை இடம் மாற்றி வைத்துக்கூட அவள் பார்த்ததில்லை.

ஆற்றில் வேகம் குறைந்ததும் கிளம்பினார்கள். கிளம்பும்போது கண்ணாயி மாட்டைப் பிடித்துக் கட்டப் போயிருந்தாள். வெங்கிடுசாமி உப்பு மூட்டையை அவிழ்த்து, உரலுக்குப் பக்கத்தில் இருந்த சட்டியில் பாதியைக் கொட்டினார். அப்போதுதான் அவருக்கு மூச்சு நேராக வந்தது. காசும் கொடுக்கவில்லை, சும்மாவும் சாப்பிடவில்லை. அக்கரையில் கூட்டத்தோடு சேர்ந்ததும் பங்காளி கந்தப்பன், "எங்கப்பா சாப்பிட்டீங்க?" என்று கேட்டதற்கு, "கட்டுச்சோறு இருந்துதே" என்று சொல்லிவிட்டார். கந்தப்பன் காதில் விழுந்த சங்கதி மறுநாளே காளப்பநாயக்கன்பட்டி முழுக்கத் தெரியும் என்பதால், அவரிடம் உண்மை பேசுகிற வழக்கம் யாருக்கும் கிடையாது.

கண்ணாயி திரும்பி வந்து உப்பைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் வாசலுக்கு ஓடினாள். கூப்பிட்டுக் கொடுக்கலாம் என்றால் ஆளைக் காணோம். மலையில் உப்பு லேசில் கிடைக்கிற வஸ்து இல்லை. ஒரு சட்டி நிறைய உப்பு ஒரு வீட்டில் திடீரென்று முளைத்தால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். அவள் அதை எங்கே ஒளிக்கலாம் என்று யோசிப்பதற்குள் பக்கத்து வீட்டு மாதம்மாள் நெருப்பு வாங்க வந்துவிட்டாள்.

"உப்பு ஏது கண்ணாயி?"

"கீழ்நாட்டுக்காரரு வெச்சிட்டுப் போயிட்டாரு."

"எதுக்கு?"

"மழைக்கு ஒதுங்கினாங்க. சாப்பிட்டாங்க."

மாதம்மாள் மோசமானவள் இல்லை. நெருப்பை வாங்கிக்கொண்டு போனாள். போகிற வழியில் சந்தித்தவர்களிடம் தான் பார்த்ததை மட்டும் சொன்னாள், கூட்டிச் சொல்லவில்லை. கேட்டவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் கூட்டிக்கொண்டார்கள். பொழுது சாய்வதற்குள் கண்ணாயி உப்புக்குச் சோறு விற்றாள் என்று நாட்டுக்கே தெரிந்துவிட்டது. காளியண்ணன் ஆள் அனுப்பினார்: அந்தக் கீழ்நாட்டுக்காரர்கள் கோயிலிலிருந்து இதே வழியாகத்தான் திரும்புவார்கள், வந்ததும் ஆற்றங்கரையிலேயே விசாரித்துவிடலாம், அதுவரை வழக்கம் போல இருக்கலாம்.

வழக்கம் போல இருக்கத்தான் முடியவில்லை. மறுநாள் ராசப்பனுடைய அண்ணன் முறையான ஒருவன் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தான். கண்ணாயி மோர் கொண்டுபோய் நீட்டினாள். அவன் செம்பைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான்.

"தாகமில்லை கண்ணாயி. பெரியவரு ஒரு வார்த்தை சொல்லட்டும். அப்பறம் வந்து குடிக்கறேன்."

அன்றைக்கு மிச்சமான சோறு மாட்டுக்குப் போனது. அதற்கடுத்த நாள் கண்ணாயி இரண்டு பேருக்கு மட்டும் சாமை குத்தினாள். பெரிய பானையைக் கழுவி, மூலையில் கவிழ்த்து வைத்தாள். ராசப்பன் அதைப் பார்த்தான். எழுந்துபோய் விறகு பிளந்தான். அடுப்புக்கு வேண்டியதைவிட நிறையப் பிளந்தான்.

கூட்டம் திரும்பி வந்தபோது பலாமரத்தடியில் நாடே உட்கார்ந்திருந்தது. வெங்கிடுசாமி முதலில் ஏதோ திருவிழா என்று நினைத்தார். காளியண்ணன் எழுந்து கும்பிட்டு, உட்காரச் சொல்லி, குளியல் எல்லாம் நன்றாக இருந்ததா என்று விசாரித்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"ஏனுங்க, அன்னிக்கு மழையில இந்த ஊட்டுல சாப்பிட்டீங்களாமே. வாங்கிச் சாப்பிட்டீங்களா, விருந்தாச் சாப்பிட்டீங்களா? அதை மட்டும் சொல்லிப்போட்டுப் போங்க."

வெங்கிடுசாமிக்குக் கண்ணைக் கட்டியது. பக்கத்தில் கந்தப்பன் நின்றுகொண்டிருந்தார். அவர் கழுத்து ஏற்கெனவே ஒரு சாண் நீண்டிருந்தது.

"கட்டுச்சோறுன்னு சொன்னியேப்பா?" என்றார் கந்தப்பன்.

"சாப்பிட்டேன்னு சொல்ல முடியாதுங்க" என்றார் வெங்கிடுசாமி, காளியண்ணனைப் பார்த்து. "சும்மா வாய் நனைச்சேன்."

"மூணு தடவை நனைச்சாரு" என்றது ராசப்பனின் குரல் பின்னாலிருந்து. கூட்டம் சிரித்தது. கண்ணாயி சிரிக்கவில்லை. அவள் வாசற்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் இவரைப் பார்க்கவே இல்லை. அவளுக்குப் பின்னால், உள்ளே மூலையில், பானை கவிழ்ந்திருப்பது வெங்கிடுசாமிக்குத் தெரிந்தது. அவருக்குப் பரிமாறும்போது அது நிமிர்ந்துதான் இருந்தது.

விஷயம் இன்னது என்று பொன்னாத்தாள் அதற்குள் பெண்கள் பக்கம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து, கணவரின் காதருகே, "வாங்கினேன்னு சொன்னீங்கன்னா அந்தப் பொம்பளை ஊட்டுல ஒரு ஈ காக்காகூடக் கை நனைக்காதாம்" என்றாள். அவளைச் சாட்சியாக யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விஷயம் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். பெரிய மனிதர்கள் கூடி விசாரிக்கிற இடத்தில் அவ்வளவு சுருக்கமாக எதையும் முடிப்பதில்லை.

காளியண்ணன் மனிதர்களை அறிந்தவர். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் இந்த ஆள் பிடி கொடுக்கமாட்டார் என்று கண்டுகொண்டார். "சரிங்க, அது போகட்டும். தின்னு முடிச்சு எந்திரிச்சீங்களே, எலையை ஆரு எடுத்தாங்க?"

மலையில் இதைவிடப் பெரிய அத்தாட்சி கிடையாது. விருந்தாளியின் இலையை வீட்டுக்காரி எடுப்பாள், அது அவளுக்குப் பெருமை. விலைக்குச் சாப்பிட்டவன் இலையைப் போட்டது போட்டபடி போவான், அது அவன் கொடுத்த விலையில் சேர்த்தி.

வெங்கிடுசாமிக்கு இந்த ஒரு கேள்விக்காவது உண்மையைச் சொல்லலாம் என்று தோன்றியது. அதனால் யாருக்கும் பாதகம் இல்லை என்று நினைத்தார்.

"நாந்தாங்க எடுத்தேன். மாட்டுக்குப் போட்டேன்."

காளியண்ணன் சுட்ட கிழங்குக்கு யோசித்த மாதிரி யோசிக்க ஆரம்பித்தார். இப்படி ஒரு பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. கண்ணாயியைக் கேட்டார். "ஆமாங்க, அவருதான் எடுத்தாரு" என்றாள். அவர் தாடியை நீவிக்கொண்டார்.

"அப்படின்னா நீங்க விருந்தாளியும் இல்லை, காசுக்குத் தின்னவரும் இல்லை. தன் எலையைத் தானே எடுக்கறது ரெண்டே பேருங்க. ஒண்ணு அந்த ஊட்டுல கூலிக்கு இருக்கறவன். இல்லாட்டி அந்த ஊட்டுப் பொம்பளையோட கூடப் பொறந்தவன். அண்ணன் தம்பி. நீங்க இதுல ஆருங்க?"

கந்தப்பனின் கழுத்து இன்னொரு சாண் நீண்டது. வெங்கிடுசாமி நிலபுலம் உள்ளவர், சமுத்திரம் பார்த்தவர். கண்ணாயி வீட்டில் கூலிக்கு இருந்ததாக ஒப்புக்கொள்ள முடியாது. இன்னொன்றைச் சொன்னால் கீழே ஆறு மாசத்துக்கு வெளியே தலைகாட்ட முடியாது. வாங்கித்தான் சாப்பிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கிப் போய்விடலாம். அதுதான் சுலபம், அதற்கு உப்பும் சாட்சி சொல்லும். அவர் மறுபடியும் உள்ளே மூலையைப் பார்த்தார். நாக்கில் அந்த மிளகு ரசம் இன்னும் இருந்தது. அதில் ஒரு துளி மணல் இல்லை.

"பொறந்தவ ஊட்டுல சாப்பிட்டா எலையை எடுக்கறதுதானுங்களே" என்றார்.

"எங்க ஊட்டுல எடுத்ததே இல்லீங்க" என்றாள் பொன்னாத்தாள் யாரும் கேட்காமலே. "அதுக்குப் பொறந்தவ ஊடுதான் வேணுமாட்டம் இருக்குது."

இந்தத் தடவை கண்ணாயிகூடச் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"அப்ப உப்பு?" என்று கேட்டாள் மாதம்மாள். நியாயமான கேள்விதான்.

"அது சீருங்க" என்றார் வெங்கிடுசாமி. இறங்கியது இறங்கியாகிவிட்டது, இனி கரையைப் பார்த்து என்ன ஆகப் போகிறது என்ற நிலையில் இருந்தார். "பொறந்தவளுக்கு ஆடிச் சீரு."

"பாதி மூட்டையா சீரு?" என்றார் காளியண்ணன்.

"மீதி அடுத்த ஆடிக்குங்க."

"அப்படின்னா அடுத்த ஆடிக்கு ஒண்ணரை மூட்டை" என்று கணக்குப் போட்டு, நாட்டுப் பெரியவர் எழுந்துவிட்டார். மோர் குடிக்காமல் போன அண்ணன் முறைக்காரன் அதே வேகத்தில் எழுந்து, "கண்ணாயி, அந்த மோரு இருக்குதா?" என்று கேட்டுக்கொண்டு உள்ளே போனான். அது புளித்துப் போயிருந்தது. குடித்தான்.

கண்ணாயி பானையை நிமிர்த்தினாள். நாட்டுக்கும் விருந்து, கீழ்நாட்டுக்கும் விருந்து. கந்தப்பன் ஒதுங்கி ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர்கள் கட்டுச்சோறு கோயிலிலேயே தீர்ந்து போயிருந்தது.

"நான் அந்தம்மாளுக்கு என்ன வேணும்?" என்று பொன்னாத்தாளை மெதுவாகக் கேட்டார்.

"பங்காளிதானுங்களே. நீங்களும் பொறந்தவருதான். எலை எடுக்கத் தெரியுமா உங்களுக்கு?"

அவர் நன்றாகவே எடுத்தார். அத்தோடு அவர் வாயும் அடைபட்டது. காளப்பநாயக்கன்பட்டியில் அந்த வருஷம் வெங்கிடுசாமியைப் பற்றி ஒரு பேச்சும் எழவில்லை.

அதற்கப்புறம் கீழ்நாட்டில் ஒரு சங்கதி அரசல் புரசலாகப் பரவியது. மலைக்குப் போனால் ஆற்றோரம் ஒரு வீடு இருக்கிறது, ஒரு படி உப்பு கொண்டுபோக வேண்டும், சாப்பிட்டதும் இலையை நாமே எடுக்க வேண்டும், வேறொன்றும் பேசக் கூடாது. யார் சொன்னது என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆடி வந்தால் கண்ணாயி வீட்டு வாசலில் பிறந்தவர்கள் வரிசையாக வந்தார்கள். "இந்த நாட்டுலயே உனக்குத்தான் அண்ணன் தம்பி ஜாஸ்தி" என்றார் காளியண்ணன். பக்கத்தில் மாதம்மாளுக்கும் இரண்டு மூன்று பேர் சேர்ந்தார்கள். எவனாவது விவரம் தெரியாமல் இலையை விட்டுவிட்டுக் கை கழுவப் போனால், கண்ணாயி உள்ளேயிருந்தே, "சாமி, எலை" என்று குரல் கொடுப்பாள். அவன் திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போவான். காய்ச்சல் சிலருக்கு வந்தது, பலருக்கு வரவில்லை. வந்தவர்கள் குளித்த தண்ணீரைத்தான் குறை சொன்னார்கள், ரசத்தைச் சொல்லவில்லை.

வெங்கிடுசாமிக்கும் கண்ணாயிக்கும் யார் மூத்தவர் என்பது தெரியாது. சோறு போட்டவள் என்ற வகையில் அவளை அக்கா என்று வைத்துக்கொண்டார். உப்பு மூட்டையோடு வந்து, வாசலில் இறக்கி, சாப்பிட்டு, இலையை மாட்டுக்குப் போட்டுவிட்டு, சமுத்திரக் கதையை முதலிலிருந்து சொல்லுவார். ஒரு வருஷம் அவருக்கு ஒரு யோசனை வந்தது.

"அக்கா, தை அமாவாசைக்கு நீயும் மாமாவும் எங்களோட வாங்க. வேதாரண்யம் போயிட்டு வரலாம். உப்பு எங்கிருந்து வருதுன்னு நீ ஒரு தடவை பாக்க வேண்டாமா?"

ராசப்பன் மூங்கிலைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தான். அவனுக்குப் போக ஆசை என்பது தெரிந்தது. கண்ணாயிக்கும் இல்லாமல் இல்லை. அவள் அகப்பையைப் பானையில் சாய்த்து வைத்தாள்.

"எத்தனை நாளாகும் சாமி?"

"போக வர நாலஞ்சு நாள். ரயிலு இருக்குது."

"அங்க எங்க சாப்பிடறது?"

வெங்கிடுசாமி வாயைத் திறந்தார். சத்திரம் ஞாபகம் வந்தது, ஓலைக் கிளப்பு ஞாபகம் வந்தது, பல்லில் மணல் ஞாபகம் வந்தது. பொன்னாத்தாள் வேண்டுமென்றே வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அங்க நமக்குப் பொறந்தவங்க ஆராச்சும் இருக்காங்களா?" என்று கண்ணாயி மறுபடியும் கேட்டாள்.

"தேடினாக் கெடைப்பாங்கக்கா" என்றார் அவர், அவ்வளவு நிச்சயமில்லாமல்.

"கெடைக்கட்டும். கெடைச்சதும் சொல்லு, வாரேன்" என்று அவள் அகப்பையை எடுத்து, அவர் இலையில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.